அவர் பெயரில் இருந்த குறட்டை

என் வீட்டுக்காரர் ஈஜோக் ஊரில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். போன வருடம் ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்து, லோரியைப் பெரிய கால்வாய் ஓரம்வரை கொண்டுபோய்விட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி, "தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு டெஸ்ட் எடுத்துட்டு வாய்யா, அப்புறம் பாக்கலாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் குறட்டை என்றால் அவர்தான். மூடிய அறையிலிருந்து வரும் சத்தத்துக்குப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும் அவரைத்தான் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். நான் தலையைச் சாய்த்தால் கட்டை. எழுந்தாலும் கட்டைதான். பள்ளிக் கேண்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். கல்யாணமோ சாவோ, எதற்கும் மனம் அசையாது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

கிளினிக்கில் ஒரு சின்னக் கருவி கொடுத்தனுப்பினார்கள். விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். அப்போதுதான் என் பாழாய்ப்போன மூளை வேலை செய்தது.

"இங்க குடுங்க, நான் மாட்டிக்கிறேன். பொம்பள எங்க கொறட்ட விடுறா? ரிசல்ட் சுத்தமா வரும், சாவியும் கைக்கு வந்துரும்."

"வேணாம்லா."

"வாய மூடிக்கிட்டுப் படுங்க."

படுத்தார்.

மறுவாரம் டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு அவரிடம், "ஐயா, ராத்திரி பூரா உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. லோரி பக்கமே போகாதீங்க" என்றார்.

உண்மையைச் சொன்னேன். நன்றாகத் திட்டு வாங்கினேன். பிறகு அவரும் அதே கருவியை மாட்டிக்கொண்டார். அவர் மூச்சில் ஒரு குறையும் இல்லை.

"அப்ப வண்டியில ஏன் ஐயா தூங்குறீங்க?" என்றார் டாக்டரம்மா.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இவளுக்கு மூச்சு நின்னுரும்மா. தோள்ல தட்டுனா திரும்ப வரும். தட்டிக்கிட்டே இருப்பேன். பொம்பள கொறட்ட விடுறான்னா ஊரு சிரிக்குமே, அதான் என்னுதுன்னு விட்டுட்டேன்."

"எத்தன வருஷமா?" என்று நான்தான் கேட்டேன்.

"பெரியவ கல்யாணத்துக்கு முன்னாலேருந்து."

பெரியவளின் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அழலாம் என்று பார்த்தேன், வரவில்லை. "லூசா நீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

எனக்கு மெஷின் வந்தது. முகமூடி வழியாகக் காற்றை ஊதித் தொண்டை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் அவர் தூங்கவே இல்லை. சத்தமே வராததால், செத்துவிட்டேனோ என்று என்னைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தார்.