முழங்காலுக்குக் கீழே

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் விற்கிறவரின் காலைத்தான் முதலில் பார்ப்பார். "காலைலேர்ந்து நிக்கறியாம்மா?" என்று கேட்ட பிறகுதான் விலை விசாரிப்பார். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். மேற்பார்வையாளர் கண்ணில் படுவதற்காக முகத்தில் ஒட்டிவைத்த சிரிப்பு. கேட்கிறவரும் பல வருடம் அதை ஒட்டிக்கொண்டு திரிந்தவர்தான்.

தெருவில் அவருக்கு 'நரம்பக்கா' என்று பெயர். முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு, பழைய உடைகளைப் பிடித்தும் விட்டும் கொடுக்கிறார். பிழைப்பு அது. மற்ற நேரமெல்லாம் துணியில் கால்களைத் தைக்கிறார். முழங்காலுக்குக் கீழே மட்டும். தோல் நிறத் துணியில் நீல நூலால் நரம்புகள். சில கால்களில் மெல்லிய வலைப்பின்னல், சிலவற்றில் மண்புழுபோலப் புடைத்த முடிச்சுகள். தொட்டுப் பார்க்கக் கை நீளும், தொட மனம் வராது.

பெரிய துணிக்கடை ஒன்றில் அவர் வேலை பார்த்தபோது உட்காரக் கூடாது என்பது சட்டம். "நாம உட்கார்ந்தா வியாபாரமும் உட்கார்ந்துடுமாம். ஈ காக்கா இல்லாத மத்தியானத்துலயும் நிக்கணும். யாருக்காக நின்னோம்னு இன்னிக்கு வரைக்கும் புரியல." ஒருநாள் கணுக்காலுக்கு மேலே நரம்பு வெடித்து ரத்தம் பீறிட்டது. "ஓடி வந்தாங்க, இல்லேங்கல. முதல்ல துணிய நகர்த்தினாங்க, அப்புறம் என்னை." சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். காலை உயர்த்திவைத்துப் படுக்கும்படி டாக்டர் சொன்னார். படுத்த இடத்திலிருந்து கண்ணெதிரே தெரிந்தது அவருடைய கால்தான். முதல் படம் அது.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். மனைவி கடையில் நின்ற நாட்களில், "எனக்கு எழுந்திருக்க வழியில்ல, இவளுக்கு உட்கார வழியில்ல. பொருத்தம் பார்த்துதான் கட்டி வச்சிருக்காங்க" என்பார்.

விடுமுறை நாளில் கடைப் பெண்கள் அவரிடம் வருவார்கள். "முகம் நல்லாத்தானேக்கா இருக்கு, காலைப் போய் வரையறீங்களே" என்று கூச்சப்படுவார்கள். அவர் எதுவும் விளக்கமாட்டார். கட்டிலில் படுக்கவைத்து, காலுக்கடியில் தலையணை கொடுப்பார். பேசிக்கொண்டே இருப்பவர்கள் பாதிப் பேச்சில் தூங்கிப்போவார்கள். தூங்குகிற காலைத்தான் அவர் வரைந்துகொள்வார். எழுப்பமாட்டார்.

நகரத்தின் ஓவியக்கூடத்தில் மனித உரிமை பற்றிய கண்காட்சி ஒன்றில் அந்தக் கால்களைத் தொங்கவிட்டார்கள். யார் பெயரும் போடக் கூடாது என்பது பேச்சு. ஆனால் ஒரு காலில், கெண்டைச் சதைக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. பழுப்பு நூலில் அதை அவ்வளவு அழகாகத் தைத்திருந்தார். பத்திரிகையில் வந்த புகைப்படத்தைப் பார்த்த ஒரு துணிக்கடை மேற்பார்வையாளருக்கு அது யார் கால் என்று கண்டுபிடிக்க ஒரு நொடி போதுமானதாக இருந்தது. குழந்தைத் துணிப் பிரிவில் நின்ற அந்தப் பெண்ணை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் நரம்பக்கா கூடத்துக்குக் கிளம்பினார். அதே தெருவில் இருக்கிற நானும் உடன் போனேன். வழியெல்லாம் ஒரே புலம்பல். "பேரைப் போடலேன்னா போதும்னு இருந்துட்டேனே. தழும்பும் ஒரு பேருதான்னு எனக்குத் தோணலையே!"

கண்காட்சியை அமைத்த இளம்பெண் நல்லவள். "கண்காட்சி முடியற வரைக்குமாவது விடுங்களேன்" என்று கெஞ்சினாள். "படம்தாம்மா என்னுது. கால் அவளோடது" என்று சொல்லிவிட்டு, துணியை இறக்கித் தழும்பைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கடை அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிடவே இல்லை. இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்கிறார். "அங்க ஸ்டூல் இருக்குக்கா. உட்காரச் சொல்லத்தான் ஆளில்ல" என்கிறார். நரம்பக்காவும் அதற்குப்பின் ஒவ்வொரு தழும்புக்கும் மச்சத்துக்கும் அனுமதி கேட்கிறார். சிலர் வேண்டாம் என்கிறார்கள், விட்டுவிடுகிறார். ஆனால் அன்று கூடத்தில் நடந்ததை நான் சொல்லியாக வேண்டும்.

பாதி பிரித்திருந்தபோது வேலை போன அந்தப் பெண்ணே படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"பிரிச்சா வேலைக்குக் கூப்பிட்டுக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குப் பிரிக்கறீங்க? திரும்பப் போடுங்க. கீழ என் பேரையும் போடுங்க. இனிமே நான் யாருக்குப் பயப்படணும்?"

"ஒரு தடவை உன்னை மாட்டிவிட்டாச்சு. உன் பேர்ல நான் கை வைக்கமாட்டேன்."

நரம்பக்கா ஊசியில் கறுப்பு நூலைக் கோத்து முடிச்சிட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முதல் எழுத்தைக் கோணலாகத் தைக்கத் தொடங்கினார். துணி சுருங்கிக்கொண்டே வந்தது. நரம்பக்கா குனிந்து அதன் இரு ஓரங்களையும் பிடித்து, கடைசி எழுத்து முடியும்வரை இழுத்துக் கொடுத்தார்.