பால் ஊற்றிப் பிசைந்த சாதம்

சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் என் வயிறு உப்பிவிடும். உள்ளே ஏதோ நுரைத்துப் பொங்குவது என் காதுக்கே கேட்கும். பிறகு ஏப்பம், அழுகிய முட்டையின் வாடையோடு. அந்த வாடை என்னுடையது என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதனால் பழியை மருமகள்மேல் போட்டேன்.

நீலம் தில்லிக்காரி. தமிழை எங்கள் வீட்டில்தான் கற்றாள். தில்லி கிட்வாய் நகரில் மகனுடைய அரசுக் குடியிருப்பில் அவர்களோடு இருக்கிறேன். சமையல் அவளுடையது. ஒருநாள் அவளுடைய அம்மா விருந்துக்கு வந்திருந்தபோது, வாயிலிருந்த வெண்டைக்காயைத் தட்டிலேயே துப்பினேன்.

"உங்க வீட்டுக் கடுகெண்ணெய் மனுஷன் வயித்துக்கு ஆகாதும்மா," என்றேன் நீலத்திடம்.

மறுநாளிலிருந்து எனக்குத் தனிச் சமையல். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பொன்னி அரிசி வாங்கிவந்து குழைய வடித்தாள். எனக்குப் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடி தனியாகச் சாப்பிட்டாள். பார்த்தேன். பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.

வயிற்றைக் குளிர்விக்க நான் நம்பியது தயிர்சாதம். புளிக்கக் கூடாதென்று ஒரு கரண்டி தயிருக்கு இரண்டு தம்ளர் பால் ஊற்றிப் பிசைவது எங்கள் வழக்கம். வலி கூடினால் இன்னொரு கிண்ணம். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. கறைபட்ட வேட்டியைக் குளியலறையில் ஒளித்துத் துவைத்த காலைகள் உண்டு. அந்த நாற்றத்தின் நடுவே நின்றுகொண்டும் அவள் சமையலைத்தான் சபித்தேன்.

மருத்துவரிடம் அழைத்துப்போனதும் அவள்தான். அவள் எதிரிலேயே அவள் சமையலைப் பற்றிப் புகார் சொல்லி முடித்தேன்.

"பால் எவ்வளவு குடிப்பீங்க, அங்கிள்?"

"குடிக்கிறதே இல்லை. காபிக்கு மட்டும்."

"சாதத்துல ஊத்துவார், டாக்டர் சாப்," என்றாள் நீலம். "மூணு வேளையும்."

எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். புண் எதுவும் இல்லை. லாக்டோஸை (பாலிலுள்ள சர்க்கரை) செரிக்கும் திறன் வயதாக ஆகக் குறைந்திருக்கலாம், சில வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள் என்றார் மருத்துவர்.

"அப்போ கடுகெண்ணெய்?"

"அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்று சிரித்தார். நீலம் சிரிக்கவில்லை.

நிறுத்தினேன். வயிறு அடங்கியது.

உங்களுக்கும் இப்படி இருந்தால், எதைச் சாப்பிட்டபின் உப்புகிறது என்று முதலில் கவனியுங்கள். சமைத்தவரைத் திட்டுவது அதைவிட எளிது, எனக்குத் தெரியும். உடல் இளைத்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ கவனித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தட்டோடு அடுப்படிக்குப் போனேன்.

"எனக்கும் அந்த வெண்டைக்காய் போடும்மா."

"கடுகெண்ணெய்ல பண்ணது, அப்பா. அப்புறம் துப்பக் கூடாது."

அவளோடு நானும் நின்றே சாப்பிட்டேன். "அன்னிக்கு உங்கம்மா முன்னாடி நான் பண்ணது அசிங்கம்," என்றேன்.

"அச்சா," என்றாள், வாணலியைப் பார்த்தபடி.

பிறகு நாற்காலியில் சாய்ந்து, பழக்கதோஷத்தில் வயிற்றின்மேல் கை வைத்துக் காத்திருந்தேன். உப்பவில்லை, பொங்கவில்லை. வலித்த நாட்களில் சாப்பாட்டுக்குப் பின்வரும் அந்த நேரம் மெல்லத்தான் நகரும். இப்போது அதைவிட மெதுவாகப் போகிறது. வயிறு அமைதியாக இருக்கிறது. அன்று தட்டில் துப்பிய சத்தம் மட்டும் கேட்கிறது.