பூனைக்குப் பத்தியம்

எங்கள் பூனையின் காதுக்குள் மஞ்சள் தெரிந்த அன்று நான் செய்த முதல் காரியம், கண்ணாடி முன் நின்று என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தது. இரண்டாவது, லேப்புக்குப் போய் ரத்தம் கொடுத்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் பூனைக்கும் ஒரு கல்லீரல் உண்டென்று நினைவு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு கோழையாக இருக்க நல்ல பயிற்சி வேண்டும். எனக்கு உண்டு.

மஞ்சள்காமாலை எனக்குப் பழக்கப்பட்ட விருந்தாளி. கல்லூரி நாளில் வந்தது. உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்து நாற்பது நாளில் தேறினேன். அந்த ஓர் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வைத்தியம் பார்க்கிறேன். எங்கள் பேட்டை ஸ்ரீவராகத்தில் யாருக்குக் கண் மஞ்சளித்தாலும் கூப்பிடாமலே போய்ப் பத்தியம் சொல்லிவிட்டு வருவேன். பூனைக்கும் சொன்னேன். மீன் வாசனையடிக்கும் அதன் தீனியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கீழாநெல்லியை அரைத்து, சிரிஞ்சில் எடுத்து வாயோரம் விட்டேன். உப்பில்லாத மோர்சாதம் பிசைந்து வைத்தேன்.

பூனை எதையும் தொடவில்லை. கட்டிலடியில் சுருண்டே கிடந்தது.

"என்ன கட்டுப்பாடு பாத்தியா," என்றேன் மனைவியிடம். "நானே நாலாம் நாள் அப்பளத்தத் திருடித் தின்னேன்."

"அது பத்தியம் இருக்கல, கேட்டேளா. அதுக்கு முடியல," என்றாள் அவள்.

நான் சிரித்தேன். மூன்று நாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலாம் நாள் காலை அது வாந்தியெடுத்தது. தூக்கினால் உடம்பு கொதித்தது. கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். மிருக டாக்டர் இளம்பெண், மலையாளம் கலந்த தமிழ். ஸ்கேனும் ரத்தமும் பார்த்தார். குடலிலிருந்து கிருமி பித்தக்குழாய் வழியாக ஏறிக் கல்லீரல் வரை வீங்கியிருக்கிறது என்றார்.

"சாரே, பூச்சை சாப்பிட்டு எத்தன திவசமாச்சு?"

"மூணு நாள். பத்தியம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "யாரு சொன்னது?"

"நான்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "கிருமிக்கு மருந்துண்டு, சாரே. ஆனா பூச்சை பட்டினி கிடந்தா உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தம் லிவர்ல போய் அடையும். அதுக்கு மூணு நாளே தாராளம். இனி அது தின்னணும். மீனோ கோழியோ, எதுவானாலும் சரி. தானாத் தின்னாத்தான் எனக்குத் தைரியமா ஏதாவது சொல்ல முடியும்."

எந்த இடத்திலும் ஒரு ஜோக் சொல்லிவிடுகிறவன் நான். சாவு வீட்டில்கூடச் சொல்லி உதை வாங்கப் பார்த்திருக்கிறேன். அன்று கூடையின் மேல் துண்டைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

மூக்கில் மெல்லிய குழாய் வைத்துக் கரைத்த தீனி ஏற்றினார்கள். தினமும் ஊசி. வீட்டில் என் வேலை மீன். அக்ரகாரத் தெருவுக்குள் மீன் வராது. முனையில் மீன்கார அம்மாள் ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்தி ஹார்ன் அடிப்பாள், பின்தெருக்காரர்களுக்காக. அந்தக் கூட்டத்தில் நெற்றியில் விபூதியோடு நின்றவன் நான் ஒருவன்தான். பூனைக்கு என்று சொன்னதும், அவள் முள்ளில்லாத துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

மனைவி ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தை நீட்டினாள். "மொட்டமாடியிலேயே வேக வையுங்கோ. இது இனிமே உள்ள வரப்படாது."

வேகவைத்து, ஆறவைத்து, விரல் நுனியில் எடுத்து அதன் மூக்கருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் திருப்பிக்கொண்டது. மூன்று நாள் அதைத் தின்னவிடாமல் பார்த்துக்கொண்டவன், இப்போது தின்னு தின்னு என்று மண்டியிட்டுக் கெஞ்சினேன். மூன்றாம் நாள் நக அளவு துண்டு ஒன்றைத் தின்றது. மகனுக்கு ரேங்க் கிடைத்தாற்போல டாக்டருக்குப் போன் போட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் கூடைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"முன்னாடியே வந்திருந்தாலும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது, சாரே," என்றார் டாக்டர். நல்ல பெண்.

கொல்லையில் மாமரத்தடியில் புதைத்தேன். அங்கே கீழாநெல்லி தழைத்துக் கிடந்தது. அத்தனையையும் வேரோடு பிடுங்கி எறிந்தேன். செடி என்ன செய்யும்?

மறுநாள் ஹார்ன் கேட்டது. பூனை போனதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். என்னைக் கண்டதுமே அவள் பொட்டலம் கட்டத் தொடங்கிவிட்டாள். முள்ளெல்லாம் எடுத்துத் தனியாக வைத்திருந்தாள்.

"பூச்சைக்கு எப்படி உண்டு, சாரே?"

"கொழப்பமில்ல, நன்னாத் தின்னறது," என்றேன்.

இது ஆறாவது நாள். தினமும் வாங்கி வந்து மதில்மேல் வைக்கிறேன், காக்கைகள் கொண்டுபோகின்றன. இன்று பொட்டலத்தோடு நுழையும்போது மனைவி வாசலில் நின்றாள்.

"அவகிட்ட எப்பச் சொல்லப் போறேள்?"

"நாளைக்கி," என்றேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன்.