ரெட்டைச் சுழிக் குதிரை

பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் குதிரைக்காரர் என் மகனின் தொப்பியைக் கழற்றியது வேர்வைக்காகவா, வியாபாரத்துக்காகவா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

நாட்டியக் குதிரை ஒன்று வாங்கி, கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. எனக்கோ இரண்டு வயதுப் பையன். கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்துப் பார்க்கிற வயது. குதிரைக்கு வால் இருக்கிறதே என்ற நினைப்பிலேயே என் தூக்கம் போயிற்று. வேண்டாம் என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் குதிரைக்குப் பல்லில், குளம்பில், கண்ணில் என்னென்ன குறை இருக்கலாம் என்று செல்போனில் படித்துக்கொண்டு, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஒரு குறை கிடைத்தால் போதும்.

கணவர் தன் சித்தப்பாவையும் கூட்டி வந்தார். மாடோ குதிரையோ, அவர் சுழி பார்த்துச் சரி என்றால்தான் எங்கள் வீட்டில் வாங்குவார்கள்.

குதிரைக்காரர் பேண்டு பாட்டைப் போட்டதும் அந்தச் செம்மண் நிறக் குதிரை முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடியது. என் மகன் இடுப்பில் இருந்தபடியே கூட ஆடினான். நான் பல்லைப் பார்த்தேன், குளம்பைப் பார்த்தேன். குறை ஒன்றும் அகப்படவில்லை.

“ஏம்மா, மாட்டு டாக்டருக்குப் படிச்சீங்களா?” என்றார் குதிரைக்காரர்.

“பி.எட்.ங்க.”

“அப்ப குதிரைக்குப் பரிச்சை வெச்சிட்டுதான் வுடுவீங்க.”

நெற்றி மயிரை விலக்கிப் பார்த்த சித்தப்பா சட்டென்று கையை எடுத்தார். “ரெட்டைச் சுழி. வூட்டுக்கு ஆவாது. கட்டுன எடத்துல நிக்காது, சொன்ன பேச்சு கேக்காது.”

கணவரின் முகம் தொங்கிப்போயிற்று. நான் மனதுக்குள் எல்லாச் சாமிக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான், “கொழந்தைக்கு எப்பிடி வேர்க்குது பாருங்க” என்று குதிரைக்காரர் அந்தத் தொப்பியைக் கழற்றினார். மொட்டையடித்துச் சில நாளே ஆன தலை. உச்சியில் இரண்டு சுழியும் பளிச்சென்று தெரிந்தன. மொட்டை போட்ட அன்று, “ரெண்டு பொண்டாட்டி கட்டுவான்” என்று சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்புக்குப் பயந்துதான் நான் தொப்பியே வாங்கினேன்.

“அட, தம்பிக்கும் ரெட்டைச் சுழிதானுங்க! வூட்டுல வெச்சிக்கிட்டுதான இருக்கீங்க?”

சித்தப்பா இருமினார். “மனுசனுக்குக் கணக்கு வேறப்பா.” அதோடு விட்டிருக்கலாம். “ஆனா இவனும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல.”

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ! “சுழியில என்னங்க இருக்குது? இந்தக் குதிரையவே புடிச்சிக்கிட்டுப் போலாங்க.”

“நீயா சொல்ற?” என்றார் கணவர்.

நான்தான் சொன்னேன். வீடு வந்து சேரும்வரை என்னாலும் அதை நம்ப முடியவில்லை.

இப்போது குதிரை எங்கள் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மரத்தைச் சுற்றிக் கோலமாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கயிறு நீளமாக இருந்தும் குதிரை அதைத் தாண்டுவதில்லை. தாண்டுவது என் மகன். நேராக வாலுக்குத்தான் போகிறான். சித்தப்பா வரும்போதெல்லாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போகிறார்.

குதிரை வளர்க்கும் வீட்டுத் தாய்மாரே, பிள்ளையைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்த என்ன செய்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். சுழியைப் பற்றி மட்டும் யாரும் எழுத வேண்டாம்.