பட்டத்தாள் கருடன்

நாற்பத்தேழு வயதில் நான் ஓட ஆரம்பித்தேன். உடம்புக்காக அல்ல. திருவொற்றியூர்க் கடற்கரை மணலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன்வலை நூலின் ஒரு முனையைத் தோளுக்கு மேல் பிடித்தபடி, எதிர்க்காற்றில், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். நூலின் மறுமுனையில் என் மகள் செய்த விமானம் இருக்கும். அதற்கு எஞ்சின் கிடையாது. நான்தான் அதன் எஞ்சின். போதுமான உயரம் போனதும் நூல் தானாகக் கழன்று விழும். அதற்குப் பிறகு விமானம் காற்றில் மிதக்கும். கடற்காற்று அடிக்கும் நேரத்தில் கடலைப் பார்த்துத்தான் ஓட வேண்டும் என்பதால், பெரும்பாலும் என் ஓட்டம் முழங்கால் அளவுத் தண்ணீரில் முடியும்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை.

"இன்னா சாரு, மாடு அவுத்துகினு போயிடுச்சா?"

"அதான் கயித்தப் புட்சிகினு ஓடறாரு. மாட்டத்தான் காணோம்."

"மாடு மேல பறக்குது பாரு மாமு."

எனக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. ராயபுரத்தில் குடியிருந்தோம். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குத் தவறாமல் போகிற குடும்பம். என் மகள் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு கப்பலின் வயர்லெஸ் அதிகாரி விட்டுச்சென்ற ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், பழைய காகிதக்காரனுக்குப் போடலாம் என்று. அதில் ஒரு வெள்ளைக்காரர் புல்வெளியில் நின்றபடி, வானத்தில் போகும் சின்ன விமானத்தை வானொலியால் திருப்பிக்கொண்டிருந்தார். அதை அவள் மூன்று நாள் படித்தாள். நான்காம் நாள், "அப்பா, பால்சா மரம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

தக்கைபோல் லேசான அந்தப் பால்சா நம் ஊர் மரம் அல்ல. ஆனால் யுத்தம் முடிந்து பத்து வருடம் ஆகியும், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் கடைகளில் யுத்தக் கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றின் உள்ளே இருந்தது அந்த மரம்தான். ஒரு மிதவையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். தெருவில் எல்லோரும் வெள்ளம் வரப்போகிறதா என்று கேட்டார்கள்.

வண்ணாரப்பேட்டையில் பட்டத்தாள் வாங்கினோம். கடையில் நிறையத் தாள் ஒரே நிறத்தில் கிடைத்தது செம்பழுப்பு மட்டும்தான். பழைய சினிமாப் படச்சுருள் துண்டுகளை அசிட்டோனில் கரைத்து அந்தத் தாளின்மேல் பூசினாள். தாள் விறைத்துத் தோலைப்போல் ஆனது. வீடு முழுக்க வாடை. என் மனைவி ஒரு மாதம் சமையலை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டாள், தீப்பற்றிக்கொள்ளும் என்று.

விமானம் எப்போதும் மூக்கால்தான் தரையிறங்கியது. ஒவ்வொரு முறையும் மகள் காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியைப் பசை தடவி மூக்கில் சுற்றுவாள். நாளாக ஆக அதற்குத் தலை முழுக்க வெள்ளை, உடம்பும் இறக்கையும் செம்பழுப்பு என்று ஆகிவிட்டது. நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

வானொலி என்று பெரிதாகச் சொன்னாலும் நீளக் கம்பி வைத்த ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஒருமுறை அழுத்தினால் வாலில் இருக்கும் சுக்கான் வலப்பக்கம் திரும்பும், விட்டால் நேராகும், மறுபடி அழுத்தினால் இடப்பக்கம். அடுத்தது வலமா இடமா என்பதை அழுத்துகிறவர்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். சுக்கானைத் திருப்பும் பலம் முறுக்கி வைத்த ஒரு ரப்பர் நாடாவிலிருந்து வந்தது. வானொலி செய்ததெல்லாம் அந்த முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடுவது. இந்தப் பொத்தானை அழுத்த அரசாங்க அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி கேட்க நானும் மகளும் போன இடத்தில் ஓர் அதிகாரி, "யாரோட பேசப் போறீங்க?" என்றார்.

"யாரோடயும் இல்ல சார்" என்றேன்.

"அப்புறம் எதுக்கு வயர்லெஸ்?"

"திரும்புன்னு சொல்றதுக்கு."

"யாரத் திரும்பச் சொல்லப் போறீங்க?"

மகள் மிக விவரமாகப் பதில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். அனுமதி எப்படியோ வந்தது. நான்தான் அன்றிலிருந்து போலீஸ்காரரைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

நான் பயந்த சுபாவம். அவள் மாடியிலிருந்து விழுவாள், அசிட்டோனில் எரிவாள், கடலில் அடித்துக்கொண்டு போவாள் என்று எல்லாவற்றுக்கும் பயந்து வைத்திருந்தேன். நடந்தது இந்த வரிசையில் இல்லாத ஒன்று.

நாங்கள் விமானம் விடும் கரைக்குப் பக்கத்துக் குப்பத்தில் அம்மன் கோயிலை எடுத்துக் கட்டி முடித்திருந்தார்கள். கும்பாபிஷேகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். கலசத்தில் நீர் ஊற்றுவதற்கு முன் வானத்தில் கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்தால்தான் அம்மன் கோயிலை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இது ஊரறிந்த வழக்கம், எனக்கும் தெரியும். அந்தக் குப்பத்தில் பாதிப் பேர் கோயிலை இடிக்கவே கூடாது என்று சொன்னவர்கள். இடித்துக் கட்டியவர் குப்பத்துத் தலைவர். கருடன் வராவிட்டால் அவர் கதி என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிர்த்தரப்பு அதற்காகவே குளித்துவிட்டு வந்து முன்வரிசையில் நின்றது.

அந்தக் கரையில் கருடனுக்குப் பஞ்சமே இல்லை. செம்பழுப்பு உடம்பும் வெள்ளைத் தலையுமாக, மீன் குடலுக்காக நாள் முழுக்கச் சுற்றும். ஆனால் விழாவுக்காகக் குப்பம் முழுக்க விரதம் இருந்தார்கள். ஒரு வாரமாக ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை. கரையைக் கூட்டிப் பெருக்கிச் சாணி தெளித்திருந்தார்கள். மீன் இல்லை, குடல் இல்லை. கருடன்கள் எல்லாம் வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போய்விட்டன. பக்தி அதிகமானதால் கருடன் போயிற்று என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இன்னிக்கு வேண்டாம்மா, கூட்டமா இருக்கும்" என்றேன்.

"கூட்டம் கோயில்லதானே அப்பா. நாம தள்ளிப் போயிடுவோம்" என்றாள்.

தள்ளித்தான் போனோம். கோயில் ஒலிபெருக்கி தேய்ந்து கேட்கும் தூரம். கடற்காற்று எழுந்ததும் நான் ஓடினேன், தண்ணீரில் இறங்கினேன், நூல் கழன்றது. விமானம் அழகாக மிதந்தது. மகள் இரண்டாம் தடவையாகப் பொத்தானை அழுத்தினாள். இடப்பக்கம் திரும்பியது. விட்டாள். நேராகவில்லை.

மறுபடி அழுத்தினாள். சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரப்பர் அறுந்துடுச்சு அப்பா" என்றாள், சாம்பாரில் உப்பு குறைவு என்பதுபோல.

இடப்பக்கம் திரும்பிய சுக்கானோடு, வட்டம் போட்டபடி, கடற்காற்று தள்ளத் தள்ள அது கரையிலிருந்து உள்ளே போயிற்று. ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் மேற்கே. மேற்கே கோயில்.

பெட்டியையும் அதன் நீளக் கம்பியையும் தோளில் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். இந்தத் தடவை நூல் இல்லை. மகள் எனக்கு முன்னால் ஓடினாள், வானத்தைப் பார்த்துக்கொண்டே. என் மனதில் ஒன்றுதான் இருந்தது. ஆயிரம் பேர் கூடி நிற்கிற இடத்தில், சாமி காரியம் நடக்கிற நேரத்தில், மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண் செய்த பொம்மை போய் விழப்போகிறது. யார் செய்தது என்று கேட்பார்கள். இவள் கையைத் தூக்குவாள். அதுதான் என் பயம். அவள் கட்டாயம் கையைத் தூக்குவாள்.

கோயிலை அடைந்தபோது கூட்டம் முழுக்க அண்ணாந்திருந்தது. சாரத்தின் உச்சியில் குருக்கள் குடத்தை ஏந்தியபடி நின்றார். கீழே தலைவர் பட்டு வேட்டியில் வியர்த்துத் தெப்பமாக நனைந்திருந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "வடக்கால குப்பத்துல போயி ஒண்ண இட்டுகினு வர்றதா?" என்றார்.

விமானம் அதற்குள் தாழ்ந்துவிட்டது. இன்னும் இரண்டு வட்டத்தில் ஜனங்களின் தலையில் இறங்கியிருக்கும். ஆனால் கோயிலின் பக்கத்தில் யாகசாலை. இரண்டு நாளாக எரிந்த ஹோம குண்டங்கள். அந்தச் சூடு எழும் இடத்துக்கு மேல் வந்ததும் விமானத்தை யாரோ கையால் தூக்கியதுபோல் இருந்தது. சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. செம்பழுப்பு இறக்கையை ஆட்டாமல் விரித்தபடி, வெள்ளைத் தலையோடு, கலசத்தைச் சுற்றி வட்டமிட்டது.

முதலில் ஒரு பெண் குலவையிட்டாள். பிறகு எழுந்த சத்தத்தை நான் துறைமுகத்தில்கூடக் கேட்டதில்லை. குருக்கள் குடத்தைக் கவிழ்த்தார். தலைவர் தரையில் விழுந்து கும்பிட்டார். மேளம், வேட்டு, அழுகை. என் பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டாரு நைனா, வந்துட்டாரு" என்று அழுதார். நான் தலையை ஆட்டினேன்.

என் மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இவ்வளவு நேரம் இது நின்னதே இல்ல" என்றாள். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"வா, போயிடலாம்."

"கீழ வரட்டும்."

வந்தது. கோயிலுக்குப் பின்னால் காயப்போட்டிருந்த வலைக் குவியலின்மேல், வாழ்க்கையில் முதல் தடவையாக மூக்கு இடிக்காமல், பூப்போல உட்கார்ந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் அவள் போய்விட்டாள். தலைவர் அவளுக்கு முன்பே அங்கே இருந்தார். இரண்டு ஆட்களை முன்னால் நிற்கவைத்து மறைத்துக்கொண்டு, மேல்துண்டை விமானத்தின்மேல் போர்த்தியிருந்தார். துண்டுக்கு வெளியே ஏரியல் கம்பி ஆடியது.

"அது என்னுது" என்றாள் என் மகள்.

நான் பெட்டியோடு போய் அவளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "வணக்கம்" என்றேன்.

தலைவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்தார். ஆட்களிடம், "பந்தி போட்டாச்சான்னு பாரு, போ" என்று அனுப்பினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"பாப்பா, ஒண்ணே ஒண்ணு. வடக்கால குப்பத்துக்காரன் அடுத்த வருசம் கோயிலு கட்றான். வந்து கேப்பான். நீ தரக்கூடாது."

"அது எங்க போகும்னு நான் சொல்ல முடியாதுங்க. இன்னிக்கே நான் சொன்னதக் கேக்கல. காத்து இழுத்த பக்கம் போச்சு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது தலைவர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதத்தான் பாப்பா குருக்களும் சொன்னாரு. நாம கூப்ட்டா வராது, அதுவா வரணும்னு."

விமானத்தின் மூக்கில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, துண்டோடு எங்களிடம் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டோம். எனக்கு என்ன பரிமாறினார்கள் என்று இன்றுவரை நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் அந்தச் சந்தனத்தைச் சுரண்டி என் மனைவியின் தராசில் நிறுத்தாள். மூக்கில் அவ்வளவு பாரம் வைத்தால் தரையிறக்கம் எப்படி மாறும் என்று கணக்குப் போட வேண்டுமாம்.

எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் குப்பமே திரண்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அந்தக் குப்பத்துப் பெண்ணிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். கருடன் வந்ததாமே என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"இன்னா சாரு தெரியாத மாதிரி கேக்கற? நீ பொட்டியத் தூக்கிகினு குதிர மாதிரி ஓடியாந்தத நான் பாக்கலியா? பாதிக் குப்பம் பாத்துகினுதான் இருந்தோம்."

"அப்ப... தெரியுமா?"

"வாரா வாரம் பாக்கறோம். தெரியாம இன்னா?"

"பின்ன குலவை போட்டீங்களே."

"போடாம? வாரா வாரம் மணல்ல குத்திகினு வியுந்தது, அன்னிக்கி மட்டும் கோயிலுக்கு எதுக்கு வந்துச்சி? நீ அனுப்புனியா? ஒம் பொண்ணு அனுப்புச்சா?"

"இல்ல."

"அப்ப யாரு அனுப்புனா?"

ஆனால் என் கவலை வேறு. "யாராவது ஒருத்தன் அங்கேயே வாயத் தொறந்து, இது இந்தப் பொண்ணோட பொம்மைன்னு சொல்லியிருந்தா?"

"தொறந்தானே. முன்னாடி நின்னுகினு வடக்கால குப்பம்னு பேசினானே, அவந்தான். 'டேய், இது அந்த சாரு பொண்ணு'ன்னு ஆரம்பிச்சான். அவன் பொண்டாட்டியே ஒரு பிடி சக்கரப் பொங்கல எடுத்து வாயில அடச்சிட்டா. சுடச்சுட. ஒரு வாரமா பேச முடியாம கஞ்சி குடிச்சிகினு கீறான், பாவம்."

அவள் சங்கரா மீனை எடுத்துக் காட்டினாள். எவ்வளவு வாங்கினேன் என்றுகூடத் தெரியாமல் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். கூட்டத்தில் என் மகளுக்கும் ஆபத்துக்கும் நடுவே பெட்டியோடு நின்றது நான்தான் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றது, நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணின் கையிலிருந்த சூடான பொங்கல்.

மகளை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு, அந்த யாகசாலை அடுப்புகள் எவ்வளவு அகலம் என்று மீன்காரம்மாவிடம் கேட்டீர்களா என்றாள்.