ஞாயிற்றுக்கிழமை நண்டுகள்

எனக்குச் சந்தேகப் புத்தி. பேங்கிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தால்கூட, இவன் எதற்கு அடிபோடுகிறான் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒருவர் ஞாயிறு தவறாமல் நண்டு கொண்டுவந்து சும்மா கொடுத்தால் எப்படி இருக்கும்? சாதாரண நண்டும் இல்லை. ஒன்றைப் போட்டாலே அம்மாவின் பெரிய குவாலிச் சட்டிக்கு மூடி பொருந்தாது. கொடுக்கு என் மணிக்கட்டைவிடத் தடிமன்.

கொண்டுவந்தவர் அப்பாவின் நண்பர். தம்போயில் எங்கள் வீட்டுக்குப் பின் வரிசையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா இருந்தவரை விடுமுறை நாட்களில் இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்க முடியும்.

அப்பா போனதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது. அப்பாவின் பின்னாலேயே இவரும் போய்விடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். நண்டு வந்த நாளில் மட்டும் அம்மா நிதானமாக உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி, விரலைச் சூப்பி, மறுசோறு போட்டுக்கொண்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்பட்டேன்.

"இவ்ளோ பெருசு எங்க கிடைக்குது அங்கிள்?"

"மலாய்க் கம்பத்துல தெரிஞ்ச பாக்சிக் ஒருத்தர் கொடுக்கிறாரு தம்பி."

அடுத்த வாரம் கேட்டால், "மீன் பாசார்ல வாங்கினேன்லா" என்றார். பதில் சொல்லும்போது மட்டும் அவர் பார்வை என் கார் டயருக்குப் போய்விடும்.

கடன் கேட்கப் போகிறாரோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மனைவியை இழந்தவர் வேறு, ஒருவேளை அம்மாவை... அந்த நினைப்பு வந்த அன்று என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் வரும் நேரம் பார்த்து வாசலில் கார் கழுவ ஆரம்பித்தேன். அவரோ பையைக் கொடுத்துவிட்டு, "தங்கச்சி சாப்பிட்டிச்சா?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, உள்ளேகூட வராமல் போய்விடுவார். பிறகு நண்டின்மேலேயே சந்தேகம் திரும்பியது. எதைத் தின்று இப்படிக் கொழுக்கிறது?

முதலாண்டுத் திதி வந்தது. அஸ்தி கரைத்த ஆற்று முகத்துக்கே போனோம். ஊரே கடற்கரைக்குப் போகும்போது, சேறும் சதுப்புமான இந்தப் படகு ஜெட்டிதான் வேண்டும் என்று அம்மா அன்றைக்குப் பிடிவாதம் பிடித்திருந்தார். பண்டாரம் கொடுத்த பிண்டத்தை நான் நீரில் இறங்கி விட்டேன். எள்ளுச் சோறு உடைந்து ஜெட்டியின் மரத்தூணை நோக்கி மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போன என் கண், தூணில் கட்டியிருந்த நீல ராஃபியா கயிற்றில் நின்றது. ஞாயிறுதோறும் கொடுக்குகளைக் கட்டி வருகிற அதே நீலம். இழுத்துப் பார்த்தேன். நண்டு பிடிக்கும் பூபு, கம்பி வலைக் கூடை. மிதவைக்கு மோட்டார் எண்ணெய்ப் புட்டி. உள்ளே அகலமாக ஒன்று அசைந்தது.

கயிற்றை விட்டுவிட்டேன். அப்பாவைக் கரைத்த இடத்திலிருந்தா வருஷம் முழுக்கத் தின்றோம்? பட்டறைக்குப் போய் அவர் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அம்மாவிடம் சொன்னால் மறுபடியும் தட்டைத் தள்ளிவிடுவார். சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு அம்மா சாப்பிடுவதை நான் எப்படிப் பார்ப்பது? அம்மாவை ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பினேன்.

"பூபுவப் பாத்துட்டியா?" என்றார் அம்மா.

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. உங்கப்பாவும் அவரும் பூபு போடுற இடம்டா அது. அதனாலதான அங்க கரைக்கச் சொன்னேன். அண்ணன் பாவம், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்காரு."

"தெரிஞ்சாம்மா சாப்பிட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான் சாப்பிட்டேன்."



ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வந்தார். எங்கே பிடித்தது என்று கேட்காமல் பையை வாங்கிக்கொண்டேன். அவருக்கே அது வினோதமாக இருந்திருக்கும்; கேட் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மத்தியானம் அம்மா பெரிய கொடுக்கை எடுத்து என் தட்டில் வைத்தார். தன் சோற்றைத் தொடாமல், நான் சாப்பிடுவேனா என்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உடைத்து வாயில் வைத்தேன். அதன் பிறகுதான் அவர் கை தட்டுக்குப் போனது.