மூடுபனியில் இரண்டு ஊதல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் உங்களுக்குச் சந்தேகம் வரும், வரட்டும். எனக்கும் வந்தது. நான் பேய், பிசாசு என்று பேசுகிறவள் அல்ல. கலிபோர்னியாவின் வடகரையில் ஒரு சிறிய கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு பொருள் கைக்கு வந்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இதையும் பிரித்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் தூக்கம் போனது.

கதைக்குள் போகுமுன் கெல்ப் என்ற பெரிய கடற்பாசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் கரையோரத்தில் கடலுக்கடியில் அது ஒரு காடு. அடியில் பாறையை விரல்களால் கவ்வியதுபோல ஒரு பிடி. அதிலிருந்து கயிறு போல ஒரு தண்டு கிளம்பி, மேலே போகப்போகத் தடிக்கும். உச்சியில் சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு குமிழ். குமிழின் தலையிலிருந்து கூந்தல் மாதிரி இலைகள். குமிழுக்குள் வாயு இருக்கிறது. செடி தானே உண்டாக்கிக்கொள்ளும் வாயு. அதுதான் மொத்தச் செடியையும் நிமிர்த்திப் பிடிக்கிறது. தண்டின் மேற்பகுதி மட்டும் உள்ளே குழாய். கீழ்ப்பகுதி விரல் தடிமனில் கெட்டியாக இருக்கும். ஊசி நுழையவும் வழி கிடையாது.

இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதி கெட்டி.

குமிழின் தலையைச் சீவிவிட்டுத் தண்டை ஒரு கை நீளத்துக்கு வெட்டி, மெல்லிய முனையில் உதட்டை அழுத்தி ஊதினால் அது ஒரு கொம்பு. எங்கள் ஊர்க் குழந்தைகள் எல்லோரும் ஊதியிருப்பார்கள். நீளம் கூடினால் ஒலி தடிக்கும், குறைந்தால் கீச்சிடும். முக்குளிக்கிறவர்களுக்கு அது விளையாட்டு அல்ல. மூடுபனி இறங்கினால் இரண்டடி தூரத்தில் இருக்கும் ஆள்கூடத் தெரியாது. அப்போது ஒரு நீண்ட ஊதல்: எங்கே இருக்கிறாய்? இரண்டு சிறிய ஊதல்: இங்கே இருக்கிறேன்.

அபலோன் எடுக்க அரசு இன்னும் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்த காலம். அபலோன் என்பது பாறையில் ஒட்டி வாழும் பெரிய கடல் நத்தை. சிலிண்டர் கட்டிக்கொண்டு அதை எடுக்கச் சட்டம் இடம் தராது. ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் கீழே போய், ஒரு தட்டையான இரும்புக் கம்பியை ஓட்டுக்கு அடியில் சரேலென்று செருகி, நெம்பி, மேலே வந்துவிடவேண்டும். நத்தை முந்திக்கொண்டால் கம்பியைப் பாறையோடு சேர்த்து அழுத்திவிடும். அப்படி மாட்டினால் கம்பியை விட்டுவிட்டு வரவேண்டியதுதான். அதனால் யாரும் கம்பியைக் கையோடு கட்டிக்கொள்வதில்லை.

ஜூன் மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடல் நன்றாக வற்றியிருந்தது. நானும் என் தம்பி ரெய்னோவும் மணலில் ரப்பர் உடையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தோம். அவன் மனைவி மார்லிஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு காபிக் குடுவையோடு உட்கார்ந்திருந்தாள். ரெய்னோவின் மணிக்கட்டில் ஒரு கயிற்று வளையம். அதன் மறுமுனையில் அவனுடைய கம்பி.

"என்னடா இது?"

"சிரிக்காதக்கா. போன வாரம் கம்பிய தொலைச்சதுக்கு இவ இன்னும் திட்டிக்கிட்டு இருக்கா. அதான் கட்டிட்டேன்."

"வீட்டுச் சாவியவே மாசத்துக்கு ரெண்டு தடவ தொலைக்கிற ஆளு அண்ணி இவரு" என்றாள் மார்லிஸ்.

"உன்னத் தொலைக்கல பாரு. அதச் சொல்லு."

"கழட்டுடா மொதல்ல" என்றேன். "நத்தை புடிச்சிக்கிச்சுன்னா நீயும் பாறையோட ஒட்டிக்கிட்டு நிப்ப."

"சரிங்க டீச்சரம்மா." வளையத்தைக் கழற்றிக் கையை விரித்துக் காட்டினான். பிறகு பையிலிருந்து அந்தக் கறுப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டான். உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய். ஃபின்லாந்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதைத் தின்பார்கள், என்னைத் தவிர. எனக்கு அந்த வாசனையே ஆகாது. அது தெரிந்துதான் ஒவ்வொரு முறை தண்ணீரில் இறங்குமுன்னும் என் முகத்துக்கு நேராக வந்து வாயைத் திறந்து ஊதுவான்.

"ஹா..."

"தள்ளிப் போடா நாயே, நாறுது!"

மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் உயிரோடு இருந்தபோது அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

காற்றடைத்த டியூப் ஒன்றைத் தள்ளிக்கொண்டு நீந்திப் போனோம். குடாவின் வாயில், கெல்ப் குமிழ்கள் நூற்றுக்கணக்கில் தலைகளைப் போல மிதக்கும் இடம். அங்கே ஆழம் இரண்டு மாடி உயரம் இருக்கும். எங்கள் முறை எப்போதும் ஒன்றுதான்: ஒருவர் கீழே, ஒருவர் மேலே டியூபைப் பிடித்தபடி. ரெய்னோ இரண்டு முறை போய் இரண்டு நத்தை கொண்டுவந்தான். கத்தி உறுத்துகிறது என்று இடுப்பிலிருந்து அவிழ்த்து டியூபில் கட்டினான். அப்போதுதான் மூடுபனி வந்தது. கரை மறைந்தது. பாறைகள் மறைந்தன. டியூபைச் சுற்றி நாலைந்து குமிழ்கள் மட்டும் தெரிந்தன.

"போதும், திரும்பிடலாம்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. கீழ ஒரு பெரிய கிழவன் உக்காந்திருக்கான். பாத்து வெச்சிருக்கேன்."

மூச்சை இழுத்தான். காலைத் தூக்கினான். போய்விட்டான்.

என் கைக்கடிகாரத்தில் ஆறு ஐம்பது.

அவனால் ஒரு நிமிடம் தாங்க முடியும். தம் கட்டினால் ஒன்றரை. இரண்டு நிமிடம் ஆகியும் ஆள் வரவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். பச்சை இருட்டில் தண்டுகள் அசைந்தன. வேறு எதுவும் இல்லை. நீரோட்டம் தள்ளிவிட்டிருக்கும், வேறெங்காவது எழும்பியிருப்பான். அப்படி நடப்பதுண்டு. கத்தினேன். மூடுபனி குரலை அப்படியே விழுங்கிவிட்டது.

கைக்கு எட்டிய ஒரு கெல்ப்பை வெட்டி, தலையைச் சீவி, உதட்டில் வைத்தேன். ஒரு நீண்ட ஊதல்.

ஒன்றுமில்லை.

இன்னொரு முறை ஊதினேன்.

ஊம்... ஊம்...

இரண்டு சிறிய ஊதல். கடல் பக்கமிருந்து. அப்பாடா என்றிருந்தது. ஆறு ஐம்பத்தைந்து. "இங்க வாடா!" என்று கத்தினேன். பதில் குரல் இல்லை. சரி, களைத்திருப்பான், நாமே போவோம் என்று டியூபை இழுத்துக்கொண்டு ஒலி வந்த பக்கம் நீந்தினேன்.

ஊதினேன். பதில் வந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி வந்தது.

மூன்றாவது பதிலில்தான் ஒன்று உறைத்தது. ஒலி மிகவும் தடித்திருந்தது. என் கொம்பு ஒரு கை நீளம். இவ்வளவு தடித்த ஒலி வரவேண்டுமானால் குழாய் என் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கவேண்டும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவராலும் மிதக்க முடியாது.

காது ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். மூடுபனியில் ஒலி வளையும். அதற்கும் காரணம் உண்டு, வேண்டுமானால் விளக்க முடியும்... என்று மனதுக்குள் விளக்கிக்கொண்டே நீந்தினேன்.

ஊம்... ஊம்...

அந்த முறை என் முகம் தண்ணீருக்குள் இருந்தது.

ஒலி மேலே கேட்டதைவிட உள்ளே தெளிவாகக் கேட்டது.

தலையைத் தூக்கினேன். ஒரு கையில் கொம்பு. மறு கையில் கத்தி. அந்தக் கத்தியைப் பார்த்தேன். மரப்பிடி. பிடியில் 'ரெ' என்று சுரண்டிய எழுத்து.

அவன் கத்தி என்னிடம் இருக்கிறது.

அப்படியென்றால் அங்கே கெல்ப்பை வெட்டியது யார்?

நான் ஊதவில்லை. கொம்பை நழுவவிட்டேன்.

ஊம்... ஊம்...

கேட்காமலேயே பதில் வந்தது. மிக அருகில்.

எனக்கு முன்னால் ஒரே ஒரு குமிழ் தனியாக மிதந்தது. வெட்டப்படாத, முழுக் குமிழ். இலைகள் பரந்து கிடந்தன. அதைச் சுற்றித் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள்... தட்டிய வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் நடுங்குமே, அதுபோல.

காற்று இல்லை. அலை இல்லை.

ஊம்...

குமிழ் அதிர்ந்தது.

ஊம்...

கண்ணால் பார்த்தேன்.

கை நீட்டித் தொட்டேன். எங்கள் கடல் கோடையிலும் பனிக்கட்டித் தண்ணீர். கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும்.

குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு கன்னத்தைப் போல.

மூச்சை இழுத்துக்கொண்டு அந்தத் தண்டைப் பிடித்தபடியே கீழே இறங்கினேன். பச்சை. பிறகு கரும்பச்சை. காதில் வலி. தண்டு கைக்குள் மெலிந்துகொண்டே போனது.

அடியில் ரெய்னோ இருந்தான்.

வலக்கை பாறை இடுக்கில். மணிக்கட்டில் கயிற்று வளையம். கழற்றிக் காட்டினானே, அதே வளையம். தண்ணீரில் இறங்கிய பிறகு மறுபடி மாட்டியிருக்கிறான். கம்பி ஒரு பெரிய நத்தைக்கு அடியில் இறுகிக் கிடந்தது. நீரோட்டம் தள்ளியது அவனை அல்ல, என்னையும் டியூபையும்தான்.

இடக்கையால் அந்தக் கெல்ப் தண்டைப் பிடித்திருந்தான்.

கண்கள் திறந்திருந்தன.

வாய் தண்டின்மேல் அழுந்தியிருந்தது.

ஊதுவதுபோல.

கயிற்றை அறுத்தேன். தண்டிலிருந்து அவன் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அவன் கைக்குக் கீழே தண்டை வெட்டினேன். குமிழ் எங்கள் இருவரையும் மேலே இழுத்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

ஏழு ஐந்து.

கரையில் மீட்புக் குழுவினர் அவன் நெஞ்சை அழுத்தி அழுத்தி ஓய்ந்த பிறகும் மார்லிஸ் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள்.

"பதில் ஊதினாரே அண்ணி! நீங்க ஊத ஊத அவரும் ரெண்டு ரெண்டா ஊதினாரே! எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சே! உயிரோடதானே இருந்தாரு?"

நான் மட்டும் கேட்டிருந்தால் என் மூளையைச் சந்தேகித்திருப்பேன்.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் நிதானமான மனிதர். நுரையீரலில் தண்ணீர் என்றார். "கீழ போன மூணு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்மா. ரொம்ப நேரம் கஷ்டப்படல." ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

அவன் போனது ஆறு ஐம்பதுக்கு. முதல் பதில் வந்தது ஆறு ஐம்பத்தைந்துக்கு.

அவன் விரல்களிலிருந்து பிரித்தெடுத்த கெல்ப்பை நான் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். தண்டில் பல் தடம் இருந்தது. ஆனால் பல் உள்ளே இறங்கவில்லை. அந்த இடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். கெட்டி. துளை இல்லை. மேலே குமிழ் வரைக்கும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒரு கீறல்கூட இல்லை.

என்னோடு வேலை செய்யும் வெண்டல் வாயுக்களை அளப்பவன். விஷயம் எதுவும் சொல்லாமல் குமிழை அவன் மேசையில் வைத்தேன். ஊசியைக் குத்திக் கொஞ்சம் வாயு எடுத்துக் கருவியில் விட்டான். எண்கள் வந்தன. நெற்றியைச் சுருக்கினான்.

"என்ன ஆய்லா, வெளயாடுறியா? யாரு இதுக்குள்ள ஊதினது?"

"யாரும் ஊதல. ஏன்?"

"இது கெல்ப் வாயுவே இல்ல. கெல்ப்ல ஒரு நச்சு வாயு இருக்கும்ல, அது துளிகூட இல்ல. ஆக்சிஜன் பாதிக்கு மேல தீந்துபோயிருக்கு. கரியமில வாயு நூத்துல ஆறு பங்கு." எண்களை விரலால் தட்டினான். "மனுஷன் விட்ட மூச்சு இது. அதுவும் சும்மா விட்டது இல்ல. ரொம்ப நேரம் அடக்கி வெச்சிருந்து, கடைசில விட்டது."



வெண்டல் ஊசியை உருவினான். மூக்கை உறிஞ்சினான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நீ மிட்டாய் ஏதாவது சாப்பிடுறியா? அதிமதுர வாசன வருது."

நான் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். ஊசித் துளை என் பக்கம் திரும்பியிருந்தது.

என் முகத்தில் மெல்லிய காற்று பட்டது. வெதுவெதுப்பாக.

ஹா...